6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்

6 வயதுவாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால், பால்பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். முழுதாக வளரும்வரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருக்கும். நேராகத் தேய்த்தால் பிரஷ் அதில் படாது. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கே நுழைத்து, குழிகளில் மெதுவாகத் தேய்க்கப் பழக்குங்கள்.

பேஸ்ட் பட்டாணி அளவு போதும் (விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்கும் வேண்டாம்). பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) இருக்கிறதா என்று பேஸ்ட் டியூபில் பாருங்கள். 2 நிமிடம் தேய்த்துத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும். காலையைவிட இரவு துலக்குவதுதான் முக்கியம். தூக்கத்தில் உமிழ்நீர் குறையும், வாய்க்கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைக் கழுவ ஆளிருக்காது. ஷூ லேஸ் கட்டும் அளவுக்குக் கை பழகாத பிள்ளையிடம் பிரஷைத் தனியாக ஒப்படைக்காதீர்கள்.