இல்லாத நீச்சல் குளத்துக்கு வரி

டெக்சாஸில் ஒரு கவுன்ட்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் வேலை பார்க்கிறேன். சொத்துக்கு மதிப்புப் போடுவது நாங்கள். வரி பில் அனுப்பிப் பணம் வாங்குவது இரண்டு தெரு தள்ளி இருக்கும் டாக்ஸ் ஆபீஸ். ஜனவரி பிறந்தால் பாதிப் பேர் பில்லோடு தப்பான வாசலில்தான் நிற்பார்கள்.

அப்படி அங்கே நின்றுவிட்டு எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார் ஒரு தாத்தா. கையில் பிரிண்ட் போட்ட நாலு படம். நாலிலும் அவர் வீட்டுக் கொல்லைப்புறம்: புல், பார்பிக்யூ அடுப்பு, ஒரு நாய். "இதில் நீச்சல் குளம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். வீட்டுக் கடன் இருந்தவரை கடன் கம்பெனியே வரியைக் கட்டிவிட்டது. கடன் முடிந்து, முதல் தடவையாக பில் இவர் கைக்கு வந்திருக்கிறது.

கணக்கைத் திறந்தேன். குளம் இருந்தது, அளவோடு. வான்படத்தைப் போட்டுப் பார்த்தால் குளம் பின்வீட்டில். இரண்டு கணக்கு எண்களுக்கும் கடைசி இரண்டு இலக்கம்தான் வித்தியாசம்: 47, 74. மூன்று ரோலுக்கு முன்னால், அதாவது மூன்று வருஷத்து மதிப்புப் பட்டியலுக்கு முன்னால், குளம் கட்டும் பர்மிட்டைப் பதிந்தவர் எண்ணை மாற்றி அடித்துவிட்டார். (அது நானில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.)

சரி, குளத்தை அழித்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். ஜூலை 25 வாக்கில் ரோல் சான்றளிக்கப்பட்டதும் அந்த வருஷம் பூட்டப்பட்டுவிடும். அப்புறம் எதையும் அழிக்க முடியாது. சப்ளிமென்ட் என்ற திருத்தப் பதிவைத் திறந்து, காரணக் குறியீடு போட்டு, பழைய எண் அப்படியே இருக்க, புதியதை அதன் மேல் ஏற்ற வேண்டும். சொன்ன வடிவத்திலோ இடத்திலோ இல்லாத சொத்து ரோலில் ஏறியிருந்தால், வரிச் சட்டத்தின் 25.25 பிரிவுப்படி 5 வருஷம் வரை பின்னோக்கித் திருத்தலாம். மனுப் படிவத்தைக் கொடுத்தேன். "ஆனால் ஜனவரி 31-க்குள் பில்லைக் கட்டிவிடுங்கள், பிப்ரவரியானால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம்" என்றும் சொன்னேன். முறைத்தார். நியாயம்தான்.

மனு ஏற்கப்பட்ட பிறகுதான் எனக்கு உண்மையான வேலை. குடியிருக்கும் சொந்த வீடு என்று ஹோம்ஸ்டெட் பதிந்திருந்தால், வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. புதிதாகக் கட்டியது மட்டும் அந்த வரம்புக்கு வெளியே. ஆக, முதல் வருஷம் குளம் முழு மதிப்போடு நுழைந்தது. அடுத்த வருஷத்து 10 சதவீதம் குளத்தையும் சேர்த்த தொகை மேல் ஏறியது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பழைய வருஷத்தில் தொடங்கி, குளத்தை எடுத்து, வரம்பைத் திரும்பக் கணக்கிட்டு, அந்த எண்ணோடு அடுத்த வருஷத்துக்குப் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு கணக்கைக் கடைசி வருஷத்திலிருந்து தலைகீழாகத் திருத்தினேன். மென்பொருள் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. வீங்கிய பழைய மதிப்பையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு சமர்த்தாகக் கூட்டிக் கொடுத்தது.

திருத்தம் டாக்ஸ் ஆபீசுக்குப் போய், பள்ளி மாவட்டம், நகரம், கவுன்ட்டி என்று அவரவர் பங்கைக் கழித்து, செக் வர வசந்தமாகிவிட்டது. நன்றி சொல்ல வந்தவர், "அந்தக் குளத்துக்கு இனி யார் கட்டுவார்கள்?" என்று கேட்டார். ரோலில் விடுபட்ட சொத்துக்கும் பின்னோக்கி வரி போடலாம். பின்வீட்டுக்குக் கடிதம் போய்விட்டது என்றேன்.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "போன ஜூலை 4, சுதந்திர தினத்துக்கு என்னை அங்கே கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார்.