வைரம் உடையும்

வைரம் அசலா போலியா என்று சுத்தியலால் அடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கல்லை அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அசல் வைரமும் நொறுங்கும். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு.

கீறல் என்று வந்தால் வைரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த அளவுகோலில் அதற்கு 10, மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் 9. ஒரு படிதானே என்று தோன்றும். ஆனால் அது எது எதைக் கீறும் என்ற வரிசை மட்டும்தான். உண்மையில் அளந்து பார்த்தால் வைரம் சுமார் நான்கு மடங்கு கடினம். வருடக்கணக்காக விரலில் கிடந்த மோதிரங்களைப் பத்து மடங்கு லென்ஸில் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீலக்கல்லில் பட்டைகள் சேரும் விளிம்பு லேசாகத் தேய்ந்து மழுங்கியிருக்கும். பக்கத்திலேயே பதித்த வைரத்தில் அதே விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். அப்படியே கல்லின் இடுப்புப் பக்கம், அதாவது மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் சுற்று விளிம்புக்கு, பார்வையைக் கொண்டுபோனால், சில சமயம் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். பெயர்ந்த இடம் படி படியாக, தட்டையாக இருக்கும்.

அந்தத் தட்டைக்குக் காரணம் உள்ளே இருக்கிறது. வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களோடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆனாலும் நான்கு திசைகளில் உள்ள தளங்களுக்குக் குறுக்கே பிணைப்புகள் குறைவு. அங்கே சரியாக ஒரு அடி விழுந்தால் சுத்தமாகப் பிளந்துவிடும். 1908-ல் ஆம்ஸ்டர்டாமில் 3,106 காரட் குல்லினன் வைரத்தை இப்படித்தான் பிளந்தார்கள்: ஒரு பள்ளம் வெட்டி, அதில் தகட்டை வைத்து, ஓங்கி ஒரு அடி.

கடினமும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லை. இதுதான் எனக்கு இதில் பெரிய அதிசயம். பட்டை தீட்டுபவர் கல்லைத் திருப்பித் திருப்பி, எந்தப் பக்கம் தேய்கிறது என்று பார்த்துத்தான் வேலை செய்வார். தப்பான திசையில் பிடித்தால் கல் அசைந்துகொடுக்காது. தேய்க்கும் சக்கரத்தில் பூசிய வைரத் தூளிலோ துகள்கள் எல்லாத் திசையிலும் திரும்பிக் கிடக்கும். அதில் சில கடினமான பக்கத்தைக் காட்டும், அவைதான் அறுக்கும்.

அப்புறம் வெப்பம். அறை வெப்பநிலையில் வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால்தான் தொட்டால் சில்லென்று இருக்கிறது. கடைகளில் வைக்கும் பேனா மாதிரியான சோதனைக் கருவி இதைத்தான் அளக்கிறது. ஆனால் வைரம் மாதிரியே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல்லும் நன்றாகக் கடத்தும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

கூர்முனை உள்ள வடிவத்தில் வெட்டிய வைரம் வாங்கினால், முனைகளை உலோகம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வைர நகைகளை ஒரே டப்பாவில் போடவும் வேண்டாம், ஒன்றையொன்று கீறிக்கொள்ளும்.