சொரியாசிஸும் ராத்திரி பரோட்டாவும்

மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். கறுப்பு, கருநீலச் சட்டைகளை விட்டுப் பல வருஷம் ஆகிறது. தலையிலிருந்து உதிரும் செதில், தோள்பட்டையில் மாவு சலித்த மாதிரி தெரியும். சேலையை விரித்துக் காட்டும்போது என் முழங்கைப் படையைப் பார்த்துவிட்டு, துணியைத் தொடாமலே நகர்ந்தவர்கள் உண்டு. எனக்கு இருப்பது சொரியாசிஸ், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய். இது ஒட்டுவாரொட்டி இல்லை. எதிர்ப்புச் சக்தி தாறுமாறாக முடுக்கிவிடுவதால், ஒரு மாதம் போல எடுத்து வளர்ந்து உதிர வேண்டிய தோல் சில நாளிலேயே மேலே வந்து குவிகிறது, அவ்வளவுதான். வியாபார நேரத்தில் இதை யாரிடம் விளக்குவது?

விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். “மாப்ளே, கரப்பான் பண்டத்தைத் தொட்றாதீங்க” என்றார் மாமா. கத்தரிக்காய், கருவாடு, மீன், கம்பு, சோளம் எல்லாம் அதில் அடக்கம். மதினி புளியை நிறுத்தச் சொன்னார். கடைத் தம்பி போனில் எதையோ பார்த்துவிட்டு, “கோதுமையை விட்ருங்கண்ணே” என்றான். எல்லார் பேச்சையும் கேட்டால் கஞ்சியும் வெந்நீரும்தான் மிஞ்சும்.

அண்ணா நகரில் நான் பார்க்கும் தோல் டாக்டர் கேட்டது வேறு: “ராத்திரி என்ன சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்கு?”

கடை அடைக்கப் பத்தாகிவிடும். அப்புறம் நாலு பரோட்டா, மேலே மிதக்க மிதக்கச் சால்னா, ஒரு ஆம்லெட். சனிக்கிழமை என்றால் அதற்கு முன்னால் ஒரு குவார்ட்டர். எடை மெஷினில் ஏற்றினார், 94 கிலோ. “வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்காது சார். அழற்சியைத் தூண்டுற பொருளைச் சுரந்துகிட்டே இருக்கும். எடை குறைஞ்சா மருந்தும் நல்லா வேலை செய்யும்” என்றார். கோதுமையைப் பற்றிக் கேட்டேன். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் இருப்பவர்களும், ரத்தப் பரிசோதனையில் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத அறிகுறி தெரிந்தவர்களும் விட்டால் போதுமாம். 2018-ல் அமெரிக்கத் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு சொன்னதும் இதுதான். எடை கூடியவர்கள் கலோரியைக் குறைப்பதைத்தான் அது வலுவாகப் பரிந்துரைத்தது. எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. ஆக, பரோட்டாவில் எனக்கு வில்லன் கோதுமை இல்லை; எண்ணெயும் அளவும் நேரமும்தான்.

சாப்பாட்டை ஏழு மணிக்கு இழுத்தேன். குடோனில் துணிக்கட்டு மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன்: இரண்டு சப்பாத்தி, கீரைக் கூட்டு, சுண்டல். கடை அடைத்ததும் ஒரு டம்ளர் மோர். முதல் சில வாரம் கொத்துக் கரண்டிச் சத்தம் கேட்காத சந்து வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஜிகர்தண்டா விசேஷ நாளுக்கு மட்டும் என்றானது.

பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில், சாப்பிட்டதையும் அன்றைய அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்பதையும் எழுதினேன். ஒரு நேரத்தில் ஒரே பொருளைத்தான் நிறுத்துவது, பிறகு திரும்பச் சேர்ப்பது. எண்ணெய்க் கத்தரிக்காய் திரும்பி வந்தும் தோலில் ஒரு மாற்றமும் இல்லை. புளியும் அப்படித்தான். மீனை டாக்டர் தடுக்கவே இல்லை. மத்தி கிடைத்தால் குழம்பு வைக்கிறோம். கருவாட்டை உப்புக்காகக் குறைத்தேன், தோலுக்காக இல்லை. ஆனால் சனிக்கிழமைச் சரக்கு? ஞாயிறு, திங்கள் எண்களைப் பார்த்தாலே தெரிந்தது. எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்க, வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் ஆரம்பித்ததால், ஈரலுக்கு இரட்டைச் சுமை வேண்டாம் என்று அடியோடு விட்டேன். பாண்டி கோயில் கிடா வெட்டில் பெரியப்பா “ஒரு வாய் போட்டா ஒண்ணும் ஆகாதுடா” என்று கிளாஸை நீட்டினார். கறிச்சோறு மட்டும் சாப்பிட்டு வந்தேன். அதற்கும் பேச்சு வாங்கினேன் என்பது வேறு கதை.

ஏழெட்டு மாதத்தில் 83 கிலோ. முதுகில் தடித்திருந்தது தட்டையாகி, நிறம் மட்டும் மங்கலாக நிற்கிறது. தலைச் செதில் பாதிக்குக் கீழே. முழங்கால் படை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. களிம்பும் மாத்திரையும் தொடர்கின்றன. மாத்திரையின் அளவை டாக்டர்தான் குறைத்தார், நானாக இல்லை. தீபாவளி சீசனில் தூக்கமில்லாமல் நின்றபோது, ஒழுங்காகச் சாப்பிட்டும் முழங்கை மறுபடி சிவந்தது. டென்ஷனுக்குப் பத்தியம் ஏது?

போன மாதம் காலையில் எழுந்தால் வலது கை விரல்கள் விறைப்பாக இருந்தன. சொரியாசிஸ்காரர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூட்டுகளையும் அது பிடிக்கலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்ததால், சாப்பாட்டை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அவரிடமே போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மூட்டு டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் போகிறேன்.