கானாடுகாத்தானில் 9 டெராபைட்

படப்பிடிப்பில் நான் டேட்டா பார்ப்பவன். கேமராவில் பதிவானதை ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, சரிபார்த்து, எடிட்டிங்கில் ஒப்படைக்கும் வரை என் பொறுப்பு. போன மே மாதம் கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டில் 4 நாள் வேலை. கேமரா அலெக்ஸா மினி எல்எஃப். அதில் சென்சாரில் விழுந்ததைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா பதிவை நான் கையாண்டது அதுவே முதல் முறை.

ரா வேண்டும் என்று கேமராமேன் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் வளவு. வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கருத்த தூண்கள். உச்சி வெயிலில் முற்றத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் தூணோரம் நிற்பவர் முகம் இருண்டுவிடும். முகத்துக்கு வைத்தால் முற்றம் வெளுத்துப்போகும். 14 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தாங்கும் சென்சார் என்பதால் இரண்டையும் பிறகு நிறம் சரிசெய்யும் கிரேடிங்கில் மீட்கலாம் என்றார்.

தரை இன்னொரு பாடு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றி வார்ப்பதால் அந்தப் பளபளப்பு அப்படியே இருக்கும். எங்கள் லைட்டெல்லாம் அதில் தெரிந்தது. லென்ஸில் பிரதிபலிப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டதும் அடங்கியது, ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போயிற்று. லைட் ஸ்டாண்டின் கால் ஒவ்வொன்றுக்கும் டென்னிஸ் பந்தைக் கீறி மாட்டினோம். வீட்டு ஆச்சி குனிந்து ஒவ்வொரு பந்தாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கீறல் விழாதுல்லப்பு?" என்று கேட்டார்.

என் கணக்குக்கு வருகிறேன். 4448-க்கு 3096 பிக்சல், 12 பிட். ஒரு ஃபிரேமே 20 எம்பிக்கு மேல். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 ஜிபி. கேமராவில் செருகும் 1 டெராபைட் (டிபி) டிரைவ் அரை மணி நேர ஷாட்டில் நிறைந்துவிடும். எங்களிடம் 3 டிரைவ்தான்.

முதல் நாள் அதைச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் நேரடியாக இறக்கியது என் தப்பு. நொடிக்கு 120 எம்பி வேகத்தில் ஒரு டிரைவை இறக்க இரண்டே கால் மணி நேரம். மதியம் கேமராவில் போட டிரைவ் இல்லாமல் 40 நிமிடம் யூனிட்டே உட்கார்ந்திருந்தது. அன்றிரவே மதுரையிலிருந்து, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான 4 டிபி எஸ்எஸ்டி இரண்டு வரவழைத்தோம். அப்புறம் இரண்டிலும் ஒரே நேரத்தில் இறக்கி, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்; மூலத்துக்கும் நகலுக்கும் ஒத்துப்போக வேண்டும்) பார்த்து டிரைவை விடுவிப்பது, ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்வது என்று வேலை ஒழுங்குக்கு வந்தது.

மூன்றாம் நாள், பாத்திர அறையில் என் மேசைக்கடியில் இருந்த யுபிஎஸ் கத்தியது. வோல்டேஜ் இறங்கி ஏறியிருந்தது. இரண்டாவது எஸ்எஸ்டியில் ஒரே ஒரு கிளிப்புக்கு செக்சம் ஒத்துவரவில்லை. ஃபைல் அளவு சரி; திறந்தால் படமும் ஓடியது.

"அதான் ஓடுதுல்ல தம்பி, டிரைவைக் குடுங்க, ஷாட் ரெடி" என்று மேனேஜர் வாசலில் நின்றார்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். கதாநாயகி தூணிலிருந்து முகத்தைத் திருப்பும் இடத்தில், கண்ணுக்குக் குறுக்கே பச்சையும் ஊதாவுமாக ஒரு பட்டை. ஒரே ஒரு ஃபிரேம். வெயில் சரியாக வந்து விழுந்த ஒரே டேக் அது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேபிளை மாற்றி டிரைவிலிருந்து மறுபடி இறக்கினேன். இந்த முறை செக்சம் ஒத்துப்போனது. அதன் பிறகே டிரைவைக் கொடுத்தேன்.

1940-களில் ஏவி. மெய்யப்பன் ஸ்டுடியோ போட்டது இங்கே பக்கத்தில், காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில்தான். அன்று எடுத்ததை நெகட்டிவாகக் கையில் பிடித்துப் பார்த்திருப்பார்கள். எனக்குத் திரையில் ஒத்துப்போகும் அந்த செக்சம் எண்தான் நெகட்டிவ்.

4 நாளில் மொத்தம் 9 டிபி. ஒரு செட் கேமரா வண்டியில் சென்னைக்குப் புறப்பட்டது. இன்னொன்றை விடியற்காலைப் பல்லவன் ரயிலில் நான் எடுத்துப் போனேன். எழும்பூர் வரும் வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை.