நோயாளி இல்லாத படம்

உடலுக்குள் செலுத்திய கதிரியக்க மருந்தைப் படமெடுக்கும் காமா கேமராவின் தினசரிச் சீர்மைச் சோதனையில் இன்று காலை, ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய படத்தின் இடது ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயமளவு மங்கல் தெரிந்தது.

ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று தளர்ந்திருந்தது.

1950களில் அமெரிக்காவின் பெர்க்லியில் பொறியாளர் ஹால் ஆங்கர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றும்: மருந்திலுள்ள கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் உமிழும் காமா கதிர் சோடியம் அயோடைடு படிகத்தில் பட்டு மின்னும்போது, அந்த ஒளியைக் குழாய்கள் பங்கிட்டுக்கொண்டு கதிர் விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. ஒன்று சோர்ந்தாலும், எலும்பு ஸ்கேனில் உள்ள புற்றுநோய்ப் பரவல் மருத்துவர் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

நான் பெயரறியாதவர்களுக்காகப் பார்க்கும் வேலை இது. இருபது ஆண்டுகளாகியும் அந்தச் சாம்பல் படத்தை அவசரமாகப் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து ஈயக் குடுவைக்குள் கரைந்துகொண்டிருக்க, சமன்செய்து மறுபடி எடுத்தோம்.

ஊசிக்குக் காத்திருந்த பாட்டி, “ஆயிடுச்சாப்பா?” என்றார்.

“வாங்க பாட்டி.”