வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில்: டயாலிசிஸ் நோயாளியை வீட்டில் கவனித்துக்கொள்ளும் அனுபவம்

வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டால், டயாலிசிஸ் செய்துகொள்பவர் இயந்திரத்தின் பக்கத்தில் இருப்பது 12 மணி நேரம்தான். வாரத்தின் மற்ற 156 மணி நேரமும் அவர் வீட்டில் இருக்கிறார். என் மாமனாரைத் தண்டையார்பேட்டை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில் மருத்துவமனையில் தந்த தாளில் அந்த 156 மணி நேரத்துக்காக எழுதப்பட்டிருந்தது ஒரே வரி: உப்பையும் நீரையும் குறைக்கவும். எவ்வளவு குறைப்பது, எதைக் கொண்டு அளப்பது, குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இல்லை. அவற்றை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் செவிலியர்கள்.

மாமா காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்த்தவர். நெடுங்காலச் சர்க்கரை நோய் சிறுநீரகத்தை ஐந்தாம் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதாவது, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதற்கு முன்பே வந்து போன மாரடைப்பால் இதயமும் வலுவிழந்திருந்தது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுத்தது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வந்தோம். வரிசையில் நின்ற அலுப்பைத் தவிர அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சிறுநீரகமும் இதயமும் சேர்ந்து கெட்டவருக்கு நீர்தான் முதல் சிக்கல். சிறுநீராக வெளியேறாத நீர் உடம்பிலேயே தங்கிக் காலில் வீங்குகிறது, பிறகு நுரையீரலில் சேர்ந்து மூச்சை முட்டுகிறது. அதைச் சுமந்து தள்ள வலுவில்லாத இதயத்தால் முடிவதில்லை. சரி, டயாலிசிஸில் எடுத்துவிடலாமே என்றால், இரண்டு மூன்று நாள் சேர்ந்த நீரை நான்கு மணி நேரத்தில் வேகமாக இழுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கால் இழுத்துக்கொண்டு, கண் இருட்டிவிடும். ஆகவே குறைவாகச் சேர்வதே நல்லது. இதை டயாலிசிஸ் பிரிவில் இருந்த ஒரு சிஸ்டர், மாமாவின் தொழிலை விசாரித்துத் தெரிந்துகொண்டு, படகுக்குள் ஏறும் தண்ணீரையும் அதை இறைக்கும் பம்பையும் வைத்து அவருக்கு விளக்கினார். அதற்குப் பிறகு மாமாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உடம்பில் மிகை நீர் இல்லாதபோது இருக்கும் எடையை உலர் எடை என்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவில் எல்லோரும் ட்ரை வெயிட் என்றுதான் சொல்வார்கள். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், ஒரே மாதிரி மெல்லிய உடையில், ஒரே எடைக் கருவியில் நிற்க வேண்டும். காலண்டரில் எழுதிவைக்கும் அந்த எண் உலர் எடையை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவும் நீர். ஒரே நாளில் ஒரு கிலோ கூடினால் ஒரு லிட்டர் உள்ளே நிற்கிறது என்று பொருள். விலை உயர்ந்த பரிசோதனைகள் பலவற்றை விட இந்த எடைக் கருவி எங்களுக்கு அதிகம் உதவியிருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

எங்கள் முறை திங்கள், புதன், வெள்ளி. அப்படியென்றால் வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் மட்டும் இடைவெளி ஒரு நாள் நீள்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வாரத்தில் ஆபத்து மிகுந்த நேரம் அந்த நீண்ட இடைவெளியின் கடைசிப் பகுதிதான். எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்ன என்பதை வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையிலேயே காசிமேட்டிலிருந்து மீன் வந்துவிடும், மதியம் குழம்பு, உறவினர் யாராவது வந்தால் பிரியாணி, மாலையில் இரண்டு முறை டீ. உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் நீர் கூடும். திங்கட்கிழமை காலை எடை அதை அப்படியே காட்டும். மீனை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது என்றார் சிஸ்டர். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் புரதத்தைக் குறைக்கச் சொன்னவர்களே, தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள், ஏனென்றால் டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் போய்விடுகிறது. இந்த மாற்றம் பல குடும்பங்களுக்குத் தெரியாததால் முட்டை வெள்ளைக்கருவைக்கூடக் கொடுக்காமல் நோயாளியை மெலியவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் புது மீன் உண்டு, பாதி உப்பில். நின்றுபோனவை கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவைதான். கருவாட்டுக்காக மாமா இன்றும் என்னிடம் வழக்காடுகிறார்.

நீருக்கு வழி ஒரு பாட்டில். முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவோடு ஏறக்குறைய அரை லிட்டர் சேர்த்தால் அன்றைக்குக் குடிக்கக்கூடிய அளவு கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த அளவு தண்ணீரைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றிவைப்போம். டீ கொடுத்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரசம், மோர், கஞ்சி எல்லாவற்றுக்கும் அப்படியே. பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்புவது, எலுமிச்சைத் துண்டைச் சுவைப்பது, பெரிய டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சிறிய டம்ளரில் கொடுப்பது என்று சில உபாயங்கள் உண்டு.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அன்போடு இளநீர் வாங்கிவருகிறார்கள். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும், நிறுத்தியும்விடலாம். வாழைப்பழம், ஆரஞ்சு ஆகியவையும் அந்தக் கணக்கில்தான் வரும். உருளை, சேப்பங்கிழங்கு போன்றவற்றை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டே சமைக்கிறேன். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால் அது இவர்களுக்கு இன்னும் கேடு. மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், ஐபுரூஃபென் போன்ற மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துவைத்த இடம், போட்டிருக்கும் இடக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பை தூக்கக் கூடாது, அதன்மேல் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. காலையிலும் இரவிலும் விரலை வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

இவ்வளவும் உடம்பைக் காப்பாற்றிவைக்கும் வேலை. மனிதரின் அவதியைக் கேட்டவர், 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைச் செவிலியர். வலிநிவாரணம் என்ற பெயரைக் கேட்டதும் இறுதிக் காலம் வந்துவிட்டதோ என்று என் கணவர் கலங்கினார். டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அதனுடன் சேர்த்துத் தரப்படும் கவனிப்பு இது என்று செவிலியர் பொறுமையாக எடுத்துச்சொன்னார். ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்காமல், "ஐயா, ராத்திரி தூங்குறீங்களா? எங்க அரிக்குது?" என்று மாமாவிடம் அவர் கேட்டது எனக்குப் புதிதாக இருந்தது. இரவெல்லாம் முதுகைச் சொறிந்துகொண்டிருந்ததை மாமா அதுவரை எந்த மருத்துவரிடமும் சொன்னதில்லை; சிறுநீரக நோயில் அரிப்பும் ஓர் அறிகுறி என்பது எங்களுக்குத் தெரியாது. வெந்நீர்க் குளியலை நிறுத்தி வெதுவெதுப்பான நீருக்கு மாறினோம், குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவினோம், நகங்களை ஒட்ட வெட்டினோம். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதோ கொடுக்காமல் சாப்பிடும்போதே கொடுத்தால்தான் அது உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் அவரே சொன்னார். அரிப்பு முழுவதும் போகவில்லை. ஆனால் மாமா தூங்குகிறார்.

இன்னொரு நாள் அவர், எது கிடைத்தால் இந்த வாழ்க்கை பரவாயில்லை என்று தோன்றும் என்று மாமாவிடம் கேட்டார். மாலையில் காசிமேட்டுக்குப் போய்க் கூட்டாளிகளோடு உட்கார வேண்டும் என்றார் மாமா. பிற்பகல் முறையில் டயாலிசிஸ் முடித்து இரவில் வீடு திரும்பிய களைப்பு மறுநாள் மாலைவரை அவரைப் படுக்கையிலேயே வைத்திருந்தது. டயாலிசிஸ் பிரிவில் கேட்டுக் காலை முறைக்கு மாற்றிக்கொண்டோம். இடைப்பட்ட நாள்களில் இப்போது ஆட்டோவில் போய் வருகிறார். ஒருவேளை இயந்திரத்தைத் தாங்க முடியாத நிலை வந்தால் என்ன செய்வது என்ற பேச்சையும் அந்தச் செவிலியர் மாமாவை வைத்துக்கொண்டே தொடங்கினார். மாமா தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டார். அது எங்கள் நால்வருக்குள் இருக்கட்டும்.

படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு வலி, கை கால் திடீரென்று தளர்வது, ஊசி குத்திய இடத்தில் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காதது, இவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிக் குளிர்பதனப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்கிறோம். மூச்சு முட்டும்போது படுக்கவிடாமல் நிமிர்த்தி உட்காரவைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறோம். சென்ற மாதத்திலிருந்து மாமாவின் முகம் ஒடுங்கிவருகிறது, எடை மட்டும் மாறவில்லை. சதை குறைந்த இடத்தில் நீர் ஏறியிருந்தால் எண் அப்படியேதான் இருக்கும் என்பதால், உலர் எடையைக் குறைத்து நிர்ணயிக்க வேண்டுமா என்று அடுத்த திங்கட்கிழமை மருத்துவரிடம் கேட்கப்போகிறோம்.