சாவியைக் கொடுத்தது நான்தான்

பல்லடம் பக்கம் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தால் நேரே நம் சைட்டுக்குத்தான். அன்று தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குக் கான்கிரீட் ஊற்ற இருபதுக்குப் பத்தடி ஷட்டரிங் பேனலை, அதாவது அச்சுப் பலகையை, என் கிரேனில் தூக்க வேண்டும். காற்றின் வேகம் அளக்கும் அனிமோமீட்டர் வினாடிக்கு 12 மீட்டர் காட்டியது. என் வண்டிக்கு வரம்பு 9.8.

"காத்து கொஞ்சம் ஓயட்டுங்க" என்றேன்.

"ஏனுங்ண்ணா, அம்பது டன் வண்டி ஒரு டன்னைத் தூக்காதுங்களா?" என்றார் இன்ஜினியர் தம்பி.

இதற்கான பதிலை அப்புறம் நூறு தடவை மனசுக்குள் சொல்லிவிட்டேன். ஐம்பது டன் என்பது பூமை, அதாவது கிரேனின் நீண்ட கையை, உள்ளே இழுத்து, மூன்று மீட்டர் ரேடியஸில் தூக்கும்போது. அன்று வேண்டிய 26 மீட்டரில், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று சொல்லும் லோடு சார்ட் தருவது இரண்டு டன் சொச்சம். அதிலும் கொக்கி, ஸ்லிங் எடை கழியும். பேனலின் பரப்பு சார்ட்டுக்குத் தெரியாது. காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நாலு மடங்கு. எடை குறைந்த அகலமான பொருளுக்குத்தான் அங்கே ஆபத்து அதிகம்.

அன்று என் வாயில் வந்தது "முடியாதுங்க தம்பி" மட்டும்தான். காலை ஆறு மணியிலிருந்து கேபினிலேயே இருந்தேன். அந்த அலுப்பிலும்தான் மறுத்தேனோ என்று சில நாள் தோன்றும். இல்லை, மீட்டரைப் பார்த்துத்தான் மறுத்தேன்.

ஓனருக்குப் போன் போனது. மதியம் வேறொரு ஆபரேட்டர் வந்தார். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன்.

தரையை விட்டு எழுந்ததும் பேனல் அரைவட்டம் திரும்பியது. பேனல் சுழலாமல் கீழிருந்து பிடிக்கும் வழிக்கயிற்றைப் பிடித்திருந்தது ஒடிசாவிலிருந்து வந்த பையன். கயிறு அவனை இழுத்த இழுப்பில் செம்மண்ணில் இரண்டு குதிகாலும் கோடு போட்டன. நான் கத்தவில்லை. கத்தினால் ஆபரேட்டர் கவனம் சிதறும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்பதில்தான் இன்னும் சந்தேகம். பேனல் சுவரில் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் நான் சொன்னது தப்பென்று ஆகிவிடாது. ஆனால் ஆபத்து என்று தெரிந்தவன் சாவியைக் கொடுத்திருக்கலாமா? கொடுக்காவிட்டால் மறுநாள் வேலை இருந்திருக்காது. அது உண்மைதான்.

மறுநாள் அந்தப் பையனின் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கை நெடுக கயிறு உரசிய சிவப்பு.

"ஒண்ணுமில்லண்ணா" என்று கையை இழுத்துக்கொண்டான்.